ஸ்கிளெரோடெர்மா ஆண்களுக்கும் வரும்: பொது மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் அண்ணன் கிரானைட் பட்டறையில் கல் அறுத்துப் பிழைத்தவர். விடிகாலையில் பச்சைத் தண்ணீரில் கை வைத்தால் அவருடைய விரல்கள் வெளுத்து, பிறகு நீலம் பாரிக்கும். தோல் இறுகி விரலை மடக்க முடியாமல் போனது. மூச்சு வாங்கியபோது காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். தோலும் உள்ளுறுப்புகளும் இறுகித் தழும்பேறும் ஸ்கிளெரோடெர்மா நோயாக இருக்குமோ என்று கேட்டபோது, "அது பொம்பளைங்களுக்கு வர்றது" என்று பேச்சை முடித்துவிட்டார்கள். நோய் இன்னதென்று தெரிந்தபோது நுரையீரலின் அடிப்பகுதி தழும்பேறியிருந்தது.

பெண்களைத்தான் இது அதிகம் தாக்குகிறது, மறுக்கவில்லை. ஐரோப்பிய நோயாளிப் பதிவேட்டைக் கொண்டு 2016இல் வெளிவந்த ஆய்வில் 9182 பேரில் ஆண்கள் 1321 பேர்தான். ஆனால் உடலெங்கும் தோல் இறுகும் வகை, விரல் நுனிப் புண், நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடுதல் எல்லாம் ஆண்களிடமே அதிகம். இறப்பும் அப்படியே. குறைவாக வருகிறது என்பதால் லேசாக வருகிறது என்று ஆகிவிடாது.

வேலையையும் கேளுங்கள். எடின்பரோவில் பிராம்வெல் என்ற மருத்துவர் 1914லேயே தன் ஒன்பது நோயாளிகளில் ஐந்து பேர் கல்தச்சர்கள் என்று எழுதிவைத்தார். 1957இல் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் எராஸ்மஸ் என்ற மருத்துவர் இதையே கண்டார். கல்லை அறுக்கும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் சிலிக்கா தூசிக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு புதிய சேதியே அல்ல. நம் ஊர்க் கல்குவாரிகளில் அந்தத் தூசி ஆண்களுக்கு மட்டுமா? ஜல்லி உடைக்கும் பெண்களும் அதைத்தான் சுவாசிக்கிறார்கள். அவர்களுக்குக் கை மரத்தால் "ரத்தம் கம்மி" என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவதும் எனக்குத் தெரியும்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. விரல் வெளுக்கிறது என்று ஓர் ஆண் சொன்னால் இரண்டு கைகளின் தோலையும் கிள்ளிப் பாருங்கள். உடல் தன்னையே தாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் ஏஎன்ஏ பரிசோதனை எழுதிக்கொடுங்கள். தோல் தடித்திருந்தால் எக்ஸ்ரேயோடு நிறுத்தாமல் நுரையீரல் சிடி ஸ்கேன், மூச்சுத்திறன் சோதனை, இதயத்துக்கு எக்கோ மூன்றும் எடுத்து, மூட்டு-வாத நோய் நிபுணரிடம் அனுப்புங்கள். குவாரிகளில் நுரையீரல் முகாம் நடத்தும்போது, நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்கிற அதே வரிசையில் கைகளையும் நீட்டச் சொல்லிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு கல் தொழிலாளியின் தங்கை