ரம்பொடையில் உதவிய ஐயாவுக்கு நன்றி

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறுகையில், ரம்பொடை வளைவுகளில் எங்கள் 1964 ஃபோர்ட் கோர்ட்டினா ஜீடீ காரின் கியர் விழ மறுத்தபோது, தம் வண்டியை நிறுத்தி உதவிவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் சென்ற ஐயாவுக்கு எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. கிளட்ச் தட்டு தேய்ந்திருந்தால் ஏற்றத்தில் இன்ஜின் சுற்று மட்டும் உயர்ந்து வேகம் கூடாதிருக்கும் என்றும், பெடலை அடுத்தடுத்து அமுக்கியதும் கியர் விழுவதால் கோளாறு கிளட்ச் ஒயிலின் அழுத்தத்தில்தான் இருக்க வேண்டும் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். ஈரத் தரையென்றும் பாராமல் காருக்கடியில் படுத்து, ஒயில் அழுத்தத்தால் கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கினார். உள்ளே ஒயிலைத் தடுத்து நிறுத்தும் வயதேறிய ‘சீல்’ வளையத்தைத் தாண்டி ஒயில் கசிந்திருந்தது. கியர்பொக்ஸைக் கழற்ற வேண்டாம், அந்த வளையத்தை மாற்றி, ஒயிலில் கலந்த காற்றை வெளியேற்றினால் போதும் என்றார். அப்படியே சரியாயிற்று. ஐயா, இதை வாசித்தால் அவசியம் தொடர்புகொள்ளுங்கள்.