சார்ஜிங் கேபிள் திருட்டைக் காயலான் கடையில் தடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொது இடங்களில் உள்ள மின்வாகன சார்ஜிங் மையங்களில் கேபிளை அறுத்துச் செல்லும் திருட்டைப் பற்றி எழுதுகிறேன். அமெரிக்காவில் சியாட்டில், ஹூஸ்டன் போன்ற நகரங்களில் இது பெரும் தொல்லையாகிவிட்டது. அங்கே ஒரே ஒரு நிறுவனத்தின் மையங்களில் மட்டும் 2024-ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட கேபிள்கள் அறுக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. வட சென்னையில் மின்வாகனங்கள் இப்போதுதான் பெருகத் தொடங்கியிருக்கின்றன. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. பணிமனைக்குச் சுற்றுச்சுவரும் காவலும் உண்டு. சாலையோரத்திலும் வாகன நிறுத்தங்களிலும் ஆளில்லாமல் நிற்கும் மையங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே திருட்டு இங்கே வேர்பிடிக்கும் முன்பே செய்யவேண்டியதைச் செய்துவிட வேண்டும்.

மின்வாரியத்தில் கேபிள் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இந்தக் கேபிளை ஏன் குறிவைக்கிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தெருவில் மின்கம்பங்களுக்கு இடையே ஓடுவது அலுமினியக் கம்பி. மண்ணுக்கு அடியில் நாங்கள் பதித்த கேபிள்களிலும் பெரும்பகுதி அலுமினியம்தான். சார்ஜிங் கேபிளுக்கு அது ஒத்துவராது. நாளெல்லாம் வளைத்து நெளித்து இழுக்கப்படும் கேபிளுக்கு நெகிழ்வு வேண்டும் என்பதாலும், பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் அலுமினியக் கேபிள் கையால் தூக்கிச் செருக முடியாத பருமனுக்குப் போய்விடும் என்பதாலும், மெல்லிய இழைகளாலான தாமிரத்தையே பயன்படுத்துகிறார்கள். வேகமாகச் சார்ஜ் செய்யும் டி.சி. மையங்களில் இந்தத் தாமிரத்தின் எடை இன்னும் கூடுதல். வண்டியோடு இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று சரிபார்த்த பிறகே கேபிளில் மின்சாரம் பாய்வதால், சும்மா தொங்கும் கேபிளை அறுப்பவனுக்கு மின்வாரியக் கம்பியில் இருக்கும் உயிர்ப்பயமும் இல்லாமல் போகிறது.

திருடனுக்குக் கிடைப்பது சில ஆயிரம் ரூபாய்; செருகியோடு சேர்த்து ஒரு டி.சி. கேபிளை மாற்ற ஆகும் செலவோ பல பத்தாயிரம் ரூபாய். அந்த நட்டத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, மையம் முடங்கிக் கிடக்கும் நாட்களில் வருமானத்தை இழப்பவர்களின் நிலை. சொந்த வீடும் கார் நிறுத்த இடமும் உள்ளவர் இரவில் வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்வார். கொருக்குப்பேட்டையிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் ஒரு சுவரை இரண்டு வீடுகள் பகிர்ந்துகொள்ளும் சந்துகளில் வாடகைக்குக் குடியிருந்து, மின்சார டாக்சியோ சரக்கு வண்டியோ ஓட்டிப் பிழைப்பவருக்குப் பொது மையத்தை விட்டால் வேறு வழி இல்லை. நம்பி வந்த இடத்தில் அறுந்த முனையைப் பார்த்துவிட்டு, எஞ்சியிருக்கும் சார்ஜில் அடுத்த மையம் வரை போய்ச் சேர முடியுமா என்று அவர் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

கண்காணிப்புக் கேமராவும் நல்ல வெளிச்சமும் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் முகத்தை மூடிக்கொண்டு வந்து ஓரிரு நிமிடங்களில் அறுத்துக்கொண்டு போகிறவனைக் கேமரா பதிவு செய்யுமே தவிர நிறுத்தாது. திருடிய தாமிரத்தை யாரும் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. அது விடிவதற்குள் ஏதோ ஒரு காயலான் கடைத் தராசில் ஏறியாக வேண்டும். உறையை எரித்து எடுத்த தாமிரம் கருத்து, பொலிவிழந்து இருக்கும். உரித்து எடுத்ததற்கு ஒரு விலை, எரித்ததற்கு வேறு விலை என்று பிரித்து வாங்கும் வியாபாரிக்கு வந்த சரக்கு எப்படிப்பட்டது என்று தெரியாமல் இருக்காது. (அப்படிக் கேபிள் உறையை எரிக்கும் நச்சுப்புகையைச் சுவாசிப்பவர்களும் நம் பகுதிக் குழந்தைகளே.) திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, வாங்குவதையே வழக்கமாக வைத்திருப்பவருக்குத் தண்டனை அதைவிடப் பல மடங்கு கடுமையானது. சட்டம் இருக்கிறது, அதை வாங்குபவர்மீது பாய்ச்ச ஆதாரம் வேண்டும்.

அந்த ஆதாரத்தை உண்டாக்க வழி இருக்கிறது. இங்கிலாந்தில் 2013-ஆம் ஆண்டின் பழைய உலோக வியாபாரிகள் சட்டம், ரொக்கம் கொடுத்துப் பழைய உலோகம் வாங்குவதைத் தடைசெய்து, விற்பவரின் பெயரையும் முகவரியையும் சரிபார்க்கும் கடமையை வியாபாரிமீது வைத்திருக்கிறது. நாம் புதுச் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. திருவொற்றியூர் முதல் திரு.வி.க. நகர் வரையிலான மண்டலங்களில் மாநகராட்சி வழங்கும் தொழில் உரிமத்திலேயே, தாமிரத்துக்கு வங்கிவழி மட்டுமே பணம் தரவேண்டும், விற்பவரின் அடையாள அட்டை நகலுடன் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளைச் சேர்த்து, காவல் நிலையங்கள் அந்தப் பதிவேட்டை அவ்வப்போது பார்வையிட்டால் போதும். நேர்மையாகத் தொழில் செய்யும் காயலான் கடைக்காரர்கள் இங்கே ஏராளம். சரியான பதிவேடு அவர்களுக்கும் பாதுகாப்பு.

வழக்குப் பதிவில் ஒரு கவனம் தேவை. திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல்முறைக் குற்றவாளி அதைத் திருப்பித் தந்தால், அதே சன்ஹிதாவின் 303-ஆவது பிரிவு சமூக சேவையைத் தண்டனையாக வைக்கிறது. வறுமையில் தவறியவருக்கு அது நியாயமே. இருந்தாலும் கேபிளின் மதிப்பைத் தாமிரத்தின் எடை விலையாக எழுதிவிடாமல், முழுக் கேபிளின் விலையாக முதல் தகவல் அறிக்கையில் குறிக்க வேண்டும். அதற்கான விலைச்சீட்டை மையத்தை நடத்துபவர் புகாருடன் தர வேண்டும்.

மையத்தை அமைப்பவர்களுக்கும் பொறுப்புண்டு. மெதுவாகச் சார்ஜ் செய்யும் ஏ.சி. மையங்களில் கேபிளைத் தொங்கவிடாமல் செருகுவாயை மட்டும் வைத்து, ஓட்டுநர் தம் கேபிளைக் கொண்டுவரும் முறை ஐரோப்பாவில் பரவலாக உள்ளது. அதை இங்கும் பின்பற்றலாம். டி.சி. கேபிளை அப்படிக் கழற்ற முடியாது என்பதால், எஃகு வலை பொதிந்த உறையும், கேபிள் அறுந்த நொடியிலேயே ஒலிக்கும் எச்சரிக்கை மணியும் வேண்டும். உறைமீது அடிக்கு அடி அடையாள எண் பொறித்தால், உரிக்காமல் விற்க வருபவர் எளிதில் அகப்படுவார். இடத்தேர்வும் முக்கியம்: இரவிலும் ஆள் இருக்கும் பெட்ரோல் பங்க், பேருந்து முனையம், மெட்ரோ நிலைய வாகன நிறுத்தம் ஆகியவற்றுக்கு முன்னுரிமை தரலாம்.

திருட்டைக் காரணம் காட்டி வட சென்னைக்கு மையங்களைக் குறைக்கும் எண்ணம் எவருக்கும் வரக்கூடாது என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். நகரங்களில் 3 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒரு மையமாவது வேண்டும் என்று மத்திய மின்துறை 2022-இலேயே வழிகாட்டியது. எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் மின்சாரம் தயாரித்தபோது அதன் சாம்பலையும் புகையையும் தாங்கிய மக்கள், புகையில்லாத வண்டிக்குச் சார்ஜ் போட அண்ணா நகர் வரை போகவேண்டும் என்பது முறையாகாது. அறுபட்ட கேபிளை இத்தனை நாட்களுக்குள் மாற்ற வேண்டும், அதுவரை மையம் இயங்கவில்லை என்பதைச் செயலியில் காட்ட வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளையும், மையம் நடத்த மாநகராட்சி இடம் தரும் ஒப்பந்தங்களிலேயே எழுதிவிடுமாறு ஆணையரைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர்,
தண்டையார்பேட்டை, சென்னை.