பாப்பாவுக்கு அப்பா எழுதுறது

பாப்பா,

நேத்து நீ போனை வச்சதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல. விட்டமின் டி 11 தான் இருக்காம்ப்பான்னு ஏதோ டெஸ்ட் மார்க் சொல்ற மாதிரி சொல்லிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிட்ட, நடுவுல படியேறினா தொடை வலிக்குது, கீழ உக்காந்தா கையை ஊணித்தான் எந்திரிக்க முடியுதுன்னும் சொன்ன. 22 வயசுல! எனக்கு அப்போ என்ன சொல்றதுன்னே தெரியல, அதான் இப்போ எழுதுறேன்.

டாக்டருக்குப் படிக்கிற பொண்ணுக்கு நான் பாடம் எடுக்க வரல. ஒரு மில்லிக்கு 20 நானோகிராமுக்குக் கீழ போனா குறைபாடுன்னு பொதுவா எடுத்துக்குவாங்க, வெயில் பட்டு தோல்ல உண்டாகுறது கல்லீரலுக்குப் போய் அப்புறம் கிட்னிக்குப் போய்தான் முழுசா வேலை செய்யுற விட்டமின் டியா மாறுது, இதெல்லாம் முதல் வருஷ லீவுல நீயே எனக்குப் பேப்பர்ல வரைஞ்சு காட்டினதுதான். நான் கேக்குறது ஒண்ணுதான், அந்த வெயில் உன் மேல எப்போ படுது? விடிஞ்சும் விடியாம வார்டு, அப்புறம் கிளாஸ், லேப், இருட்டுற வரைக்கும் லைப்ரரி, நைட் போஸ்டிங் வந்துட்டா பகல் பூரா ஸ்க்ரீனை இழுத்து விட்டுட்டு தூக்கம். வெளிய நடக்குற அஞ்சு நிமிஷமும் முழுக்கை கோட்டோட. ஜன்னல் ஓரமா உக்காந்துதான் படிக்கிறேன்னு சொல்லுவ, ஆனா கண்ணாடி வழியா வெளிச்சமும் சூடும்தான் வரும், விட்டமின் டிக்கு வேண்டிய யூவிபிங்கிற புற ஊதாக் கதிர் வராது, இது நான் இப்போ தேடிப் படிச்சு தெரிஞ்சுக்கிட்டது. நம்ம மாதிரி கருத்த தோலுக்கு இன்னும் கூட நேரம் வேணுமாம், தோலுக்கு நிறம் குடுக்குற மெலனின் அந்தக் கதிரைத் தடுக்குறதால. கருத்துடுவன்னு யாராவது சொன்னா காதுலயே வாங்காத.

இதுல என் தப்பும் இருக்கு பாப்பா. நீ பரீட்சைக்குப் படிச்ச அந்த ரெண்டு வருஷம் வெளிய போய் நேரத்தை வீணாக்காத, உள்ள உக்காந்து படின்னு சொன்னது நான்தான். முப்பது வயசு வரைக்கும் எலும்பு பலம் சேர்த்துக்கிட்டே இருக்குமாம், அந்த வயசுல உன்னை நிழல்லயே வச்சிருந்திருக்கேன்.

மாத்திரை விஷயம் கவனமா கேளு. உன் ரூம்மேட் வச்சிருக்கிற 60,000 யூனிட் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கிறேன்னு சொன்னியே, வேண்டாம். அது வாரத்துக்கு ஒண்ணுன்னு, இத்தனை வாரம்னு கணக்கு வச்சு குடுக்குறது, அதைத் தினம் ஒண்ணுன்னு தப்பா போட்டுக்கிறவங்களும் இருக்காங்க. கொழுப்புல கரையுற விட்டமின், கூடிப்போனா சீக்கிரம் வெளிய போகாம உடம்புலயே தங்கி ரத்தத்துல கால்சியம் ஏறி வாந்தி, தண்ணி தாகம், கிட்னி கோளாறுன்னு போயிடும், உனக்குத் தெரியாததா. உன் ரிப்போர்ட்டைப் பார்த்து ஒரு டாக்டர் எழுதிக் குடுக்கட்டும், அதை சாப்பாட்டோட போடு. அப்படியே ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துடு, எல்லா சோர்வையும் இது மேலயே போட்டுடக் கூடாது. முட்டையை மஞ்சக்கருவோட சாப்பிடு, மீன் கிடைச்சா விடாத. ஆனா சாப்பாட்டுல இது கொஞ்சம்தான் இருக்கு, அதை மட்டும் நம்பி உக்காராத. டீயைக் குடிச்சுட்டு மதியத்தை ஓட்டுறதை முதல்ல நிறுத்து.

நாளையில இருந்து லஞ்ச் பிரேக்ல கோட்டைக் கழட்டி வச்சுட்டு வெளிய வந்து நின்னு எனக்கு போன் பண்ணு. உன் நிழல் உன்னை விடக் குட்டையா இருக்குற நேரமாப் பாரு, அப்போதான் யூவிபி நல்லா இருக்கும். தோல் எரியுற வரைக்கும் நிக்காத. நானும் அந்த நேரத்துக்கு வெளிய வந்து நிக்கிறேன்.

அப்பா