காலி வீடு, ஊற்று, அப்புறம் விடுதி

அன்புள்ள சேகர்,

நலம். நலமறிய ஆவல். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. அடுத்த கடிதத்திலாவது எழுது.

வயதானவர்கள் மட்டுமே மிஞ்சிய மலைக் கிராமங்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். காட்டு நடை, ஓய்வு விடுதி என்று நாலு வசதி செய்தால் ஆட்கள் தானாகவே குடியேறுவார்கள் என்கிறாய். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சுற்றிப் பார்க்க வருகிறவர் சாயங்காலம் கிளம்பிவிடுவார். தங்க நினைப்பவர் முதலில் கேட்பது வீடு. தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும், ஆனாலும் ஒன்றுகூட வாடகைக்குக் கிடைக்காது.

ஜப்பானில் இந்தச் சிக்கலை நன்றாகப் பார்க்கலாம். பூட்டிய வீட்டுக்குள் முன்னோரை வணங்கும் மாடம் அப்படியே இருக்கும், அலமாரி நிறையப் பழைய சாமான் இருக்கும். முன்னோரை வணங்கும் ஓபோன் பண்டிகை நாட்களில் பிள்ளைகள் வந்து போவார்கள், அதனால் கொடுக்க மனம் வராது. பத்திரம் தாத்தா பெயரிலேயே இருக்கும், வாரிசுகள் ஆளுக்கொரு ஊரில். 2024 ஏப்ரல் முதல் அங்கே சொத்து வந்தது தெரிந்த 3 ஆண்டுக்குள் வாரிசுகள் பெயர் மாற்றிப் பதிய வேண்டும், தவறினால் 1 லட்சம் யென் வரை அபராதம். சட்டம் பத்திரத்தைச் சரிசெய்யும், மனத்தை மாற்ற உள்ளூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். மாடமும் சாமானும் இருக்கும் ஓர் அறையைப் பூட்டிச் சாவியை உரிமையாளரிடமே விட்டு, மீதியைக் குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் கேட்டால் பலர் இறங்கி வருவார்கள்.

வீட்டைப் பார்க்கும்போது சுவரைப் பார்க்காதே, கூரையைப் பார். ஓர் ஓடு நழுவினால் போதும், ரீப்பர் நனைந்து, கைமரம் நனைந்து, கடைசியில் உத்தரம் சுவரில் உட்காரும் முனை உளுத்துப்போகும். அந்த முனையில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார். சுலபமாக உள்ளே போனால் செலவு பெரியது. பல நாள் புழங்காத கழிவறையில் தண்ணீர் வற்றி, குழாய் வழியே நாற்றமும் பூச்சியும் ஏறும். பயந்துவிடாதே, தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும்.

அடுத்தது ஊற்று. கோடைக் கடைசியில்தான் அளக்க வேண்டும். 10 லிட்டர் வாளி 5 நிமிடத்தில் நிரம்பினால் நாளைக்கு 2,880 லிட்டர். அதுவும் ராத்திரி வரும் நீரைப் பிடிக்கத் தொட்டி இருந்தால்தான். தலைக்கு 100 லிட்டர் என்று வைத்தால் 28 பேர். ஊரில் ஏற்கெனவே 20 பேர் என்றால் கூடுதலாக 8 பேருக்குத்தான் இடம். புதுக் குடும்பம், விருந்தாளி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். விடுதிக்கு எத்தனை கட்டில் என்பதை வரைபடம் போடுகிறவர் முடிவு செய்யக் கூடாது, இந்த வாளிதான் முடிவு செய்ய வேண்டும்.

விடுதி வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. இத்தாலியில் 1976 ஃப்ரியூலி நிலநடுக்கத்துக்குப் பிறகு வந்த யோசனை, சிதறிய பழைய வீடுகளையே அறைகளாக்கி, வரவேற்பை ஒரே இடத்தில் வைப்பது. புதுக் கட்டடம் தேவையில்லை. தொல்லை எல்லாம் துவைப்பதிலும் பெட்டி தூக்குவதிலும்தான். ஒரு கட்டிலுக்கு 3 செட் விரிப்பாவது வேண்டும், மழைக்காலத்தில் அதுவும் காயாது. நல்ல வீடெல்லாம் விருந்தாளிக்குப் போய்விட்டால் குடியேற வருகிறவருக்கு இடிந்த வீடுதான் மிஞ்சும். எத்தனை வீடு எதற்கு என்று ஊர் முதலிலேயே பேசி முடிக்கட்டும்.

அடுத்தது நீ சொன்ன காட்டு நடை. காட்டுக்குள் நிதானமாக நடந்து மனதை ஆற்றிக்கொள்ளும் காட்டுக் குளியல் என்பதை ஜப்பானிய வனத்துறை 1982-இல் முன்வைத்தது. மனம் இளகும், ரத்த அழுத்தம் சற்று இறங்கலாம். ஆனால் நோய் தீரும் என்று மட்டும் பலகை வைக்காதே. பாதை 2 கிலோமீட்டர் வளையம் போதும், பாதியில் திரும்ப ஒரு குறுக்கு வழியோடு. ஏற்றம் 100 அடிக்கு 5 அடி, மிஞ்சினால் 8. பாதையைப் பள்ளத்துப் பக்கம் லேசாகச் சாய்த்துவிட்டால் மழைநீர் குறுக்கே வழிந்துவிடும். தட்டையாக விட்டால் பாதையே ஓடையாகும். சிமெண்ட் படி கட்டத்தான் எல்லோருக்கும் ஆசை, முழங்காலுக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. உனக்குச் சொல்ல வேண்டுமா!

பணம் கொடுத்து ஆள் சேர்ப்பதற்கு சுவிட்சர்லாந்தின் ஆல்பினென் என்ற மலைக் கிராமம் உதாரணம். வயது வந்தவருக்கு 25,000 பிராங்க், குழந்தைக்கு 10,000 என்று 2017-இல் ஊர்க்கூட்டம் முடிவெடுத்தது. ஆனால் 45 வயதுக்குள் இருக்க வேண்டும், வீட்டில் 2 லட்சம் பிராங்க் போட வேண்டும், 10 ஆண்டு இருக்க வேண்டும். நிபந்தனையைப் படிக்காமலே உலகமெங்கும் இருந்து விசாரிப்புகள் குவிந்தன. எனக்குப் பிடித்தது ஜப்பானில் கமியாமா என்ற மலை ஊரின் வழி. இந்த வீடு ரொட்டி சுடுகிறவருக்கு என்று தொழிலைச் சொல்லியே ஆள் தேடினார்கள். வருகிறவருக்குப் பிழைப்பும் இருக்கும், ஊருக்கு இல்லாத ஒன்றும் கிடைக்கும்.

யாராக இருந்தாலும் ஒப்பந்தத்துக்கு முன் ஒரு மாதம் தங்க வை, அதுவும் அந்த ஊரின் மிக மோசமான பருவத்தில். உன் திட்டத்தில் இருக்கும் ஊரின் ஊற்று அளவை எழுது. கட்டில் கணக்கைப் பிறகு பேசலாம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முருகேசன்