கோயில் சுனைத் திருப்பணி முடிந்தது: உறுப்பினர்களுக்குக் கமிட்டியின் அறிக்கை

அனைவருக்கும் வணக்கம். ஒருவழியாகச் சுனை வேலை முடிந்துவிட்டது. சரிந்து கிடந்த படிகளைப் பிரித்து அதே கல்லை வைத்தே கட்டினோம், இடுப்பளவு சேறு வாரி ஊற்றுக்கண்ணைத் திறந்துவிட்டோம். வரவு செலவு மண்டபச் சுவரில் ஒட்டியிருக்கிறது, ரசீது பார்க்க விரும்புகிறவர்கள் பொருளாளரிடம் கேளுங்கள்.

எல்லோரும் கேட்பது ஒன்றுதான். சுனைக்குக் கீழே உள்ள சதுப்பை ஏன் அப்படியே விட்டீர்கள், மண் கொட்டி நிரவியிருந்தால் திருவிழாவுக்கு வண்டி நிறுத்தலாமே என்று. கமிட்டியின் முதல் யோசனையும் அதுதான், மறைக்க ஒன்றுமில்லை. கான்ட்ராக்டர் எங்களைக் கேட்காமலே இரண்டு லோடு மண்ணைக் கொட்டியும்விட்டார். அடுத்த மழைக்கே தண்ணீர் வடிய வழியில்லாமல் புதுப் படியில் ஏறி நின்றது. சரி, அள்ளிவிடலாம் என்று இறங்கினால் கோரைக்குள் கானாங்கோழிக் கூடு, உள்ளே செம்புள்ளி போட்ட முட்டைகள். பொரிக்க மூன்று வாரம் ஆகும் என்றார்கள், அந்தப் பக்கம் மண்வெட்டியே படவில்லை. வேலை தள்ளிப்போனது இதனால்தான். அப்புறம் ஒரு காலையில் கரித்துண்டு போலக் குஞ்சுகள் தாயின் பின்னால் ஓடியதைப் பார்த்தபோது, தாமதத்துக்குத் திட்டிக்கொண்டிருந்த கொத்தனாரே வாயை மூடிக்கொண்டார்.

குளிர்காலத்தில் இமயமலைப் பக்கமிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வரும் வாலாட்டியும் உள்ளானும் இரை தேடுவது இந்தச் சேற்றில்தான். நீர்ப்பறவை என்றாலே நமக்குக் கோடியக்கரையும் பழவேற்காடும்தான் ஞாபகம் வரும். உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று கோடியக்கரைக்கு 2002-இல் கிடைத்த ராம்சார் அங்கீகாரம் நம் கோத்தகிரி லாங்வுட் சோலைக்கும் 2024-இல் கிடைத்தது, பலருக்கு அது தெரியவே தெரியாது. இங்கே ஊறுகிற தண்ணீர் பவானியில் இறங்கி, காவிரியோடு சேர்ந்து டெல்டாவுக்குப் போகிறது. கடலோரத்தில் நன்னீர் வரத்து குறையக் குறைய உப்பு ஏறுகிறது. பூநாரை அதைத் தாங்கிக்கொள்ளும், ஆனால் முகத்துவாரத்தில் வளரும் மீன்குஞ்சுக்கும் இறால்குஞ்சுக்கும், அவற்றை நம்பி வரும் பறவைகளுக்கும் நன்னீர் கலந்தே ஆக வேண்டும். நம் அரைக்காணிச் சதுப்பால் டெல்டா ஓரத்து முத்துப்பேட்டை அலையாத்திக்காடு செழித்துவிடும் என்று சொல்லவரவில்லை, இருப்பதைத் தூர்க்க வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்.

ஓரத்தில் முளைத்த சீகை (வாட்டில் என்கிற அந்நிய மரம்) கன்றுகளைப் பிடுங்கியாயிற்று, திரும்ப முளைக்கும், மாதம் ஒருமுறை நாலு பேர் வந்தால் போதும். சுனையில் துணி துவைக்க வேண்டாம். திருவிழா வண்டிகளுக்குப் பள்ளி மைதானத்தைக் கேட்டிருக்கிறோம். அள்ளிய மண் கோயில் பின்புறம் குவிந்து கிடக்கிறது, தோட்டத்துக்கு வேண்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள்.