விமானப் பயண நேரத்தைத் தெளிவாக அச்சிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை நெருங்கும்போது நாளிதழ்களில் வெளிவரும் சுற்றுலா விளம்பரங்கள் பலவும் புறப்படும் நேரத்தையும் சென்றடையும் நேரத்தையும் மட்டும் குறிப்பிடுகின்றன. அவை அந்தந்த ஊரின் நேரம் என்ற குறிப்பே பெரும்பாலும் இருப்பதில்லை. காலை 9 மணிக்குக் கோலாலம்பூரில் புறப்பட்டு 10.30க்குச் சென்னையில் இறங்கலாம் என்று படிக்கும் முதியவர் ஒருவர், ஏறக்குறைய 2,600 கிலோமீட்டர் தூரத்தை ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிடலாம் என்று எண்ணினால் அவரைக் குறை சொல்ல முடியாது. உண்மையில் அது நான்கு மணி நேரப் பயணம். இந்திய நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியிருப்பதே வேறுபாட்டுக்குக் காரணம். (1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்படும் வரை அந்த வேறுபாடு இரண்டு மணி நேரமாகவே இருந்தது.)

கோலாலம்பூரிலிருந்து லண்டன் செல்லும் பயணத்தில் குழப்பம் இன்னும் பெரிது. இரவு 11.30க்குப் புறப்படும் விமானம் குளிர்காலத்தில் மறுநாள் காலை 5.30 அளவில் இறங்குகிறது என்றால், கழிந்தது ஆறு மணி நேரம் அன்று, பதினான்கு. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்திருப்பதால், எட்டு மணி நேர வேறுபாடு அக்காலத்தில் ஏழாகிவிடுகிறது.

தூரத்தை வேகத்தால் வகுத்துப் பார்ப்பதும் போதாது. இரு நகரங்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய வான்வழி சுமார் 10,600 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அந்தக் கோடு வங்காள விரிகுடா, வட இந்தியா, ஆப்கானிஸ்தான், காஸ்பியன் கடலின் வடபகுதி ஆகியவற்றைக் கடந்து உக்ரேனின் வட எல்லையை ஒட்டிச் செல்கிறது. கிழக்கு உக்ரேனின் வானில் சுட்டு வீழ்த்தப்பட்ட எம்எச்17 பயணிகள் விமானத்தை 2014இல் இழந்த நாட்டினருக்கு அந்த வான்வெளியின் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை. 2022 பிப்ரவரி முதல் அது பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டே உள்ளது. ஆகவே விமானங்கள் சுற்றிச் செல்கின்றன. போகும்போது மேல்வானில் மேற்கிலிருந்து வீசும் காற்றையும் எதிர்கொள்கின்றன. திரும்பும்போது அதே காற்று பின்னிருந்து தள்ளுவதால் பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் குறைகிறது.

வேறு நாட்டில் இறங்கி விமானம் மாறுவோருக்கு இடையில் காத்திருக்கும் நேரம்தான் பெருஞ்சுமை. விலை மலிவு என்று பெரிய எழுத்தில் போடுபவர்கள் அதைச் சொல்வதே இல்லை.

எனவே, இத்தகைய விளம்பரங்களை ஏற்கும்போது, இரு ஊர்களின் உள்ளூர் நேரம் என்ற குறிப்பையும், வானில் கழியும் நேரத்தையும், இடையில் காத்திருக்கும் நேரத்தையும் தனித்தனியே தருமாறு பயண முகவர்களிடம் தங்கள் விளம்பரப் பிரிவு வலியுறுத்த வேண்டுகிறேன். நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்ளும் பயணிகள் மருந்து வேளையை மருத்துவரிடம் கேட்டுத் திட்டமிட, கடிகாரம் காட்டும் நேரம் அன்று, கழியும் மொத்த மணி நேரமே தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்