சாவி கொடுக்கும் முன் பேருந்து விடுங்கள்

மதிப்பிற்குரிய வீட்டுவசதித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வாரம் நகரத்துக்கு வெளியே இன்னொரு அடுக்குமாடிக் குடியிருப்பைத் திறந்து, ஆற்றோரக் குடிசைகளிலிருந்து எடுத்த குடும்பங்களுக்குச் சாவி கொடுத்திருக்கிறீர்கள். ஆற்றோரம் ஆபத்து என்றுதான் அவர்களை அங்கிருந்து எடுத்தீர்கள். அந்த ஆபத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குடியிருப்புக்குப் பேருந்து இன்னும் வரவில்லை.

வீட்டு வேலைக்குப் போகிற பெண்களைப் பாருங்கள். முன்பு நடந்தே போய் இரண்டு வீட்டில் பாத்திரம் துலக்கிவிட்டு, நடுவில் வந்து பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு, திரும்பவும் வேலைக்குப் போனவர்கள். இப்போது விடியுமுன் கிளம்பி, மெயின் ரோடு வரை நடந்து, ஷேர் ஆட்டோ பிடித்து, அப்புறம் பேருந்து மாறிப் போய்ச் சேர்வதற்குள் அங்கே வேறு ஆள் வைத்துவிடுகிறார்கள். வேலை பறிபோகாதவர்களுக்கும் கூலியில் ஒரு பங்கு வண்டிக்கே போகிறது. அதை எதில் பிடிப்பார்கள்? சாப்பாட்டில்தான். முதலில் பால் நிற்கும், அப்புறம் காய்கறி. ரேஷன் அட்டை பழைய கடையிலேயே இருந்தால் அரிசி வாங்கப் போகிற அன்று கூலியும் போச்சு.

சாவி கொடுக்கும் முன் பேருந்து ஓடட்டும், ரேஷன் கடை திறக்கட்டும், பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் உறுதியாகட்டும். இதைத்தான் கேட்கிறோம்.

இது புதுக் கோரிக்கையும் இல்லை. நடைபாதையில் இருப்பவர்கள் பிழைப்புக்குப் பக்கத்தில் இருக்கவே அங்கே தங்குகிறார்கள் என்பதை உணர்ந்து, பிழைப்பும் வாழும் உரிமையில் அடக்கம் என்று மும்பை நடைபாதைவாசிகளை அகற்றுவதை எதிர்த்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. இந்தியா 1979-ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையின் 11-ஆம் பிரிவு உணவையும் வீட்டையும் சேர்த்தே பேசுகிறது. அதற்கு 1991-ல் ஐ.நா. குழு எழுதிய விளக்கத்தில், வேலையும் மருத்துவமனையும் பள்ளியும் எட்டுகிற இடத்தில் வீடு இருக்க வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் கோப்புகளில் மட்டும் வீடு ஒரு துறை, அரிசி ஒரு துறை, பேருந்து ஒரு துறை. ஒருவரைக் கேட்டால் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள், ஏழைக்கு எந்தத் திட்டம் வந்தாலும் இதே கதைதான். சதுர அடியை அளந்து கொடுக்கிற நீங்கள், அங்கிருந்து வேலைக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று ஏன் பார்ப்பதில்லை?

சரி, சொல் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்து அனுப்பப்போகும் குடும்பங்களை லாரியில் ஏற்றும் முன் போக்குவரத்துத் துறையையும் உணவுத் துறையையும் கூட்டி வைத்துப் பேசி, பேருந்து நேரத்தையும் அட்டை மாற்றும் தேதியையும் அந்தக் குடும்பங்களுக்கு எழுத்தில் கொடுங்கள். அதுவரை யாரையும் அங்கே அனுப்ப வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அந்தக் குடும்பங்களை அறிந்த ஒருத்தி